கைவேலைக் கத்தி: படத்தில் தெரியாததைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் அதை ஒட்டிக் கொஞ்சம் மேட்டு நிலமும் இருக்கிறது. விடுமுறை நாட்களில் நண்பர்களோடு அங்கே கூடாரம் போட்டுத் தங்குவோம். விறகு சீவ, முளைக்குச்சி செதுக்க, சமையலுக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து, மடக்காத வகையில் கையால் செய்த கத்தி ஒன்று வாங்க ஆசை. இணையத்தில் 3,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. படத்தில் எல்லாமே அழகு. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அளவை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அலகு 4 அங்குலம், கொஞ்சம் கூடினாலும் சரி. முதுகின் தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டரில் 'சர்வைவல்' என்று பெயர் போட்டு விற்கிற கத்திகள் கையில் பிடிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் வெங்காயத்தை நறுக்காது, பிளக்கும். காட்டில் தங்குகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் ஸ்வீடன் நாட்டு மோரா கத்தி தொழிற்சாலைச் சரக்குதான், அதன் சாதாரண ரகம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அதை வைத்துக்கொண்டே எல்லா வேலையும் நடக்கிறது.

கைவேலைக் கத்தியில் உங்கள் காசு போக வேண்டிய இடம் தோய்ச்சல். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்குவது ஒரு பாதி. அப்புறம் 200 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் மறுபடி நிதானமாகச் சூடாக்கி முறுக்கைத் தணிப்பது மறு பாதி. முதல் பாதி சொதப்பினால் கூர் மடங்கும், இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகப் பெயரும். என்ன ஸ்டீல் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதை என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1095, ஓ1, நம்மூரில் பேரிங் செய்யும் இஎன்31 என்று கார்பன் ஸ்டீல் ரகங்கள் எல்லாமே நல்ல சரக்குதான், தெரிந்த கையில் கிடைத்தால். ஆகவே செய்பவரிடம் மூன்றையும் கேளுங்கள்: ஸ்டீலின் பெயர், காய்ச்சியது கரி உலையிலா வெப்பம் அளக்கிற மின்சூளையிலா, ராக்வெல் கடினம் (எஃகின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) எத்தனை. 57 முதல் 60 வரை சொன்னால் இந்த வேலைக்குப் போதும். 'சர்ஜிகல் ஸ்டீல்' என்றோ, ரகத்தைக் காட்டும் ஏ, பி, சி எதுவும் சேர்க்காமல் வெறும் '440' என்றோ பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கத்தி வந்ததும் ஒரு சோதனை. விரல் தடிமன் பித்தளைக் கம்பி ஒன்றை மேசையில் கிடத்தி, கூரை ஏறக்குறையப் படுத்தாற்போல அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் அந்த இடத்தில் விளிம்பு மெல்லிசாகப் புடைப்பது தெரியும். கையை எடுத்ததும் நேராகிவிட்டால் தோய்ச்சல் சரி. புடைத்தபடியே நின்றால் இரும்பு மெது, துணுக்கு உதிர்ந்தால் முறுக்கு அதிகம். முனையில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால், தோய்ச்சலுக்குப் பிறகு சாணை பிடிக்கும்போது சூடேற்றிக் கெடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூரின் வடிவத்துக்கு, மரவேலைதான் அதிகம் என்றால் ஸ்காண்டி கிரைண்ட் கேளுங்கள். அலகின் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே சரிவு. அந்தச் சரிவை அப்படியே சாணைக்கல்லில் படுத்தித் தேய்த்தால் போதும், கோணம் பிடிக்கத் தெரியாதவருக்கும் கூர் வரும். முதுகு செங்கோணமாக, மழுங்காமல் இருக்கட்டும், பெரோ ராடில் (உரசினால் தீப்பொறி பறக்கும் குச்சி) உரசித் தீ மூட்ட அதுதான் வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுவது நல்லது. பிடி வழவழவென்று இருப்பதைவிட உள்ளங்கை படும் இடத்தில் கொஞ்சம் பருத்திருப்பது முக்கியம். விளிம்புகள் உருட்டாமல் விட்ட பிடியோடு அரை மணி நேரம் குச்சி சீவினால் கொப்புளம் நிச்சயம். மான் கொம்புப் பிடி வேண்டவே வேண்டாம்: புள்ளிமான், கடமான் கொம்பு தானாக உதிர்ந்ததே ஆனாலும் அதில் வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும், உங்கள் பக்கத்து மழையில் சீக்கிரமே பிடிக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

கேள்வி: அலை அலையாகக் கோலம் ஓடும் டமாஸ்கஸ் கத்தி மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: சுவரில் மாட்ட வாங்கலாம். இன்று அந்தப் பெயரில் வருவது இரண்டு வகை இரும்பை அடுக்கி, காய்ச்சி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்துக் கோலம் எடுத்தது. டமாஸ்கஸ் என்ற பெயருக்குப் புகழ் தந்த, தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய பழைய எஃகு வேறு விஷயம். நல்ல கைகள் செய்த அடுக்குக் கத்தி பிரமாதமாக வெட்டும், ஆனால் அதில் உழைப்பு அதிகம், மலிவாக வராது. மலிவாக வருவதில் என்ன இரும்பு அடுக்கியிருக்கிறார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. கோலம் முதுகின் மேலும் குறுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கங்களில் மட்டும் இருந்தால் மேலே அச்சடித்தது.

கேள்வி: எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையில் லாரி வில்பட்டையில் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். சரிவருமா?

பதில்: வரும், என்ன வேண்டும் என்று காட்டினால். வில்பட்டை பெரும்பாலும் 0.5, 0.6 சதவீதம் கரி (கார்பன்) உள்ள எஃகு, கடினம் சற்றுக் குறைவு, உறுதி அதிகம். அரிவாளுக்கு அதனால்தான் அது ராஜா. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், புதுப் பட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அவர் கை பழகிய அரிவாள் தடிமனில்தான் வரும். அட்டையில் அளவாக வெட்டி எடுத்துப் போங்கள். மூங்கில், கிளை வெட்டுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் இந்தக் கத்தி ஆசையை விட்டு நல்ல அரிவாளே வாங்கிவிடலாம், கால்வாசிச் செலவில் முடியும்.

கேள்வி: ஆர்டர் கொடுத்தால் முன்பணம் கேட்கிறார்கள். அப்புறம், இதை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: முன்பணம் வழக்கம்தான், பாதிக்கு மேல் வேண்டாம். ஸ்டீல், நீளம், தடிமன், பிடியின் மரம், தரும் தேதி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே இந்தக் காகிதம்தான் பேசும். லைசென்ஸைப் பொறுத்தவரை, ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகள். வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவை அதிலும் சேராது. உங்கள் 4 அங்குலத்துக்குக் கவலை இல்லை. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். ஆனால் சரணாலயத்தில் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றே சொல்கிறது, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. ஆனைமலைச் சரணாலயத்தில் இருக்கும் டாப்ஸ்லிப் பக்கம் போகிற நாளில் கத்தியைத் தோப்பு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.