ஏற்காட்டில் டிரவுட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தில் இருக்கும் என் மைத்துனர் சென்ற முறை ஊருக்கு வந்தபோது ஒரு ஃப்ளை ராடும் (தூண்டில் கோல்) ரீலும் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே ஆற்றில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. மூக்கனேரிக் கரையில் வீசிப் பார்த்தால், "புழு இல்லாம யாருக்குத் தூண்டி போடற?" என்று சிரிக்கிறார்கள். நீலகிரியில் வெள்ளைக்காரன் டிரவுட்டைக் கொண்டுவந்து வளர்த்தானே, ஏற்காடு ஏரியில் ஏன் விடக்கூடாது? கலெக்டரிடம் கொடுக்க நண்பர்கள் சேர்ந்து மனு எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் ஆதரவாக ஒரு வார்த்தை எழுத வேண்டும். டிரவுட் வராது என்றால், இந்த ராடை வைத்துக்கொண்டு இங்கே நான் என்ன செய்வது?

கே., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கே.,

மனுவைக் கிழித்துப் போடுங்கள். ராடைப் பத்திரமாக வையுங்கள்.

ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, இரண்டு ஊருக்கும் நடுவே நான்கைந்து டிகிரி வித்தியாசம். சால்வை போர்த்திக்கொள்ளும் நமக்கு அது பெரிதாகத் தெரியாது, டிரவுட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அது இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 25-ஐ நெருங்கினால் சாகத் தொடங்கும். நீர் சூடாக ஆக மீனுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டும், ஆனால் சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனோ குறைவு. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை கரையும், 25 டிகிரியில் 8 தான். ஏற்காட்டில் கோடைப் பகல் 30-ஐ ஒட்டிப் போகிறது. கோடை விழாவுக்குக் கூட்டம் மலையேறும் நாட்களில் உங்கள் டிரவுட் ஏரியில் மல்லாந்து மிதக்கும்.

நீலகிரியிலும் அது சுலபமாக நடந்துவிடவில்லை. மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்திலிருந்து பிரவுன் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகி, மீன்வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் காலத்தில், 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்தது. கடைசியில் அந்த மலைநீரில் நிலைத்தது ரெயின்போ டிரவுட். முட்டையிட அதற்குக் கூழாங்கல் படுகையும் அதன்மேல் ஓடும் குளிர்ந்த நீரும் வேண்டும். படகுகள் சுற்றிவரும் ஏற்காடு ஏரியில் அதற்கு எங்கே போவது?

உங்கள் மைத்துனர் ஊரிலும் டிரவுட் வந்தேறிதான். ரெயின்போ அங்கே போனது 1883-இல், கலிபோர்னியாவிலிருந்து. வெளி மீனை விடும்போது உள்ளூர் மீனுக்கு என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும், ஏனென்றால் நம் காவிரியிலேயே அது நடந்திருக்கிறது. காவிரிக்கே உரிய, முதுகு திமில்போல உயர்ந்த பெரிய மகசீர் மீன் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. மணல் கொள்ளை, அணைகள், வெடிவைத்து மீன் பிடிப்பது என்று காரணங்கள் பல. வெளியிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விட்ட வேறொரு மகசீர் வகையும் அவற்றில் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டே உங்கள் மனுவுக்கு என்னால் ஆதரவு எழுத முடியாது.

சரி, ராடுக்கு வருவோம். ஃப்ளை ஃபிஷிங் என்றால் டிரவுட் என்று நினைத்துவிட்டீர்கள், அங்கேதான் சிக்கல். நாம் போடும் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளுக்கு எடையே கிடையாது, பூச்சி மாதிரித் தெரிய இறகும் நூலும் சுற்றிய துக்கடா அது. எடை முழுக்கக் கயிற்றில் இருக்கிறது. ஐந்தாம் எண் கயிறு என்றால் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அந்தக் கயிறு பின்னால் முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். வீசத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது அந்தப் பொறுத்தலில்தான். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏதாவது புல்தரையில் பழகுங்கள். கட்டாந்தரை வேண்டாம், கயிற்றின் மேல்பூச்சு உரிந்துவிடும். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்கிற வேலை. மீன் இப்போது எதைத் தின்கிறது, அது நீரின் மேலேயா அடியிலா, என்ன அளவு, என்ன நிறம்? டிரவுட்காரர்கள் ஆற்றுப் பூச்சிகள் இறக்கை முளைத்து மேலே வரும் வேளைக்காகக் காத்துக் கிடப்பார்கள். நமக்கு ஈசல் இருக்கிறது. கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையில் எந்த ஏரிக்கரையிலாவது போய் நில்லுங்கள். புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பும். பாதி தண்ணீரில் விழுந்து இறக்கையை அடித்துக்கொண்டு கிடக்கும். கொஞ்ச நேரத்தில் நீர்ப்பரப்பு முழுக்க வட்டம் வட்டமாக உடையும். கெண்டை, ஜிலேபி எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அன்றைக்கு மண்புழு மாட்டி அடியில் போட்டவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஈசல் மாதிரி ஒன்றைக் கட்டி, 'சளக்' என்று சத்தம் வராமல் நீர்மேல் இறக்கி வைக்கத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. மூக்கனேரிக் கரையில் சிரித்தவர்களை அன்றைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஏரிகளில் மீன் பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமை, பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேட்டூர் அணை என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பிடித்த மீனை முத்தமிட்டுத் திரும்ப விடும் காணொளி வழக்கம் ஜிலேபிக்குத் தேவையில்லை. அதுவும் ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. மிளகாய்த்தூளும் உப்பும் தடவி வறுத்துவிடலாம். தப்பித்தவறி மகசீர் மாட்டினால் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

ஈசல் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். 12 அல்லது 14-ஆம் எண் முள்ளில் பழுப்பு நூலால் உடம்பு சுற்றி, தலைப்பக்கம் சேவலின் கழுத்து இறகைச் சுற்றுங்கள், மிதக்கும். சேர்வராயன் மலையில் காட்டுக்கோழி உண்டு. அதன் கழுத்து இறகுக்கு வெளிநாட்டில் பெரிய மவுசு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். கறிக்கடையில் நாட்டுச்சேவல் அறுக்கும்போது சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீரில் முக்குவதற்கு முன்பே பிடுங்கித் தரச் சொல்லுங்கள்.