வேதாகம விளக்கவுரையை முழு செற்றாக வாங்கலாமா? எதில் தொடங்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். சபையில் இடைக்கிடை பிரசங்கம் செய்கிறேன், ஆனால் இறையியல் படித்தவன் அல்ல. ஆங்கிலம் வாசிப்பேன். விளக்கவுரை ஒரு முழு செற் வாங்க யோசிக்கிறேன். எது நல்லது?

பதில்:

செற்றாக வாங்காதீர்கள். ஒரு வரிசையில் பலர் எழுதுகிறார்கள். சங்கீதத்துக்கு எழுதியவரிடம் இருக்கிற சரக்கு எசேக்கியேலுக்கு எழுதியவரிடமும் இருக்கும் என்றில்லை. அலுமாரி நிறையும், கையில் எடுப்பது ஐந்தாறுதான், மிச்சத்தைக் கறையான் வாசிக்கும்.

அடுத்த மூன்று மாதம் எந்தப் புத்தகத்திலிருந்து பேசப் போகிறீர்களோ அதற்கு இரண்டு விளக்கவுரை போதும். கலாத்தியர் என்று வைப்போம், ஆறே அதிகாரம். 'பைபிள் ஸ்பீக்ஸ் டுடே' வரிசையில் ஜோன் ஸ்டொட் எழுதியது பகுதி பகுதியாகப் போகும், பிரசங்கிக்கு வாய்ப்பான நடை. டின்டேல் வரிசையில் அலன் கோல் எழுதியது வசனம் வசனமாகப் போகும். பழைய ஏற்பாட்டுக்கு வந்தால், ஆதியாகமத்துக்கும் சங்கீதத்துக்கும் அதே டின்டேலில் டெரெக் கிட்னர். சங்கீதம் இரண்டு பாகம்: 72 வரை ஒன்று, 73 முதல் மற்றது. சொற்செட்டான மனிதர், ஒரு வரி தவறினாலும் நட்டம்.

காசு கொடுக்க முன் முடிச்சு விழுந்த ஓர் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். கலாத்தியரில் 3:20, 'மத்தியஸ்தன் ஒருவனுக்குரியவனல்ல' என்ற வசனம். அதோடு 2:1-10: பவுல் அங்கே சொல்லும் எருசலேம் பயணம் அப்போஸ்தலர் 11-இல் வருவதா, 15-இல் வருவதா? நல்ல ஆசிரியர் இரு தரப்பையும் சொல்லி, தான் ஏன் ஒன்றைப் பிடிக்கிறார் என்று காட்டுவார். வசனத்தையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லி நகர்கிறவரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மாற்குக்கு 16:9-20, எபிரெயருக்கு 6:4-6, ஏசாயாவுக்கு 7:14 இதே வேலையைச் செய்யும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று பலரும் மத்தேயு ஹென்றி என்ற பழைய ஆங்கிலேயப் போதகரின் முழு வேதாகம உரையை இறக்கி வைத்திருக்கிறார்கள். தியானத்துக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 1714-இல் அவர் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை மற்றப் போதகர்கள் எழுதிச் சேர்த்தது. அதனால் அந்தப் பகுதியை மேற்கோள் காட்டி 'ஹென்றி சொல்கிறார்' என்றால் பிழை. உரை பழையது என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1 யோவான் 5:7-இல் நமது பழைய மொழிபெயர்ப்பில் 'பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி' என்று மூன்று சாட்சிகள் வருகிறார்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் இல்லை. ஹென்றியின் பெயரில் உள்ள உரையோ அந்த வரிக்காக வாதாடும். திரித்துவத்துக்கு அதையே ஆதாரமாக வைத்துப் பிரசங்கித்தால், பொது மொழிபெயர்ப்பு வைத்திருக்கிற ஒருவர் எழும்பிக் கேட்கும்போது பதில் இருக்காது.

வில்லியம் பார்க்லேயின் புதிய ஏற்பாட்டு உரை 17 பாகம். அந்தக்கால வழக்கங்கள், கிரேக்கச் சொற்களின் பின்னணி எல்லாம் அள்ளிக் கொடுப்பார். அற்புதங்களில் மட்டும் கவனம்: ஐயாயிரம் பேருக்கு உணவளித்த இடத்தில், சனங்கள் ஒளித்து வைத்திருந்ததைப் பகிர்ந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் முன்வைப்பார். பின்னணிக்கு எடுங்கள், முடிவுக்கு வேறொருவரையும் பாருங்கள். கத்தோலிக்கர் என்றால் 1990-இல் வந்த 'நியூ ஜெரோம்' விளக்கவுரை ஒரே தொகுதியில் முழு வேதாகமத்துக்கும் உண்டு. கனதியான புத்தகம்தான், ஆனால் ஒரு வசனத்துக்கு நாலு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

விளக்கவுரையோடு உபதேச நூலும் (விசுவாசக் கோட்பாடுகளைத் தலைப்பு வாரியாக விளக்குவது) வாங்கும்போது ஞானஸ்நான அதிகாரத்தை முதலில் திறவுங்கள். வெய்ன் குரூடெம் விசுவாசித்தவருக்கு மட்டும் என்பார், லூயிஸ் பெர்கோஃப் குழந்தைகளுக்கும் என்பார். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த சபைக்காரர் முதலாமவரையும் பெந்தெகொஸ்தேக்காரர் இரண்டாமவரையும் வாசிப்பது நல்லதே, ஆனால் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார் என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். இரண்டும் தடித்தவை. மெல்லியது வேண்டுமென்றால் நாலாம் நூற்றாண்டு அத்தனாசியு, வார்த்தை மாம்சமானதைப் பற்றி எழுதிய சிறு நூல். பழையது என்று பயப்படத் தேவையில்லை, இன்றைய பல நூல்களைவிடத் தெளிவு.

வாசிக்கிற ஒழுங்கு: முதலில் பகுதியை இரண்டு தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்து, விளங்காததைக் கடதாசியில் கேள்வியாக எழுதுங்கள். பிறகு விளக்கவுரையின் முன்னுரை (யார், யாருக்கு, ஏன் எழுதினார்). கடைசியில்தான் வசன விளக்கம், அதுவும் உங்கள் கேள்விகளுக்கு விடை தேடி. சனி இரவு நேரே விளக்கவுரையைத் திறந்தால் ஞாயிறு காலை மேடையில் ஏறுவது ஸ்டொட்டின் மூன்று தலைப்புகள்தான். செவ்வாய்க்கிழமையே தொடங்குங்கள்.

வாங்குவதற்கு முன் மருதனார்மடத்திலுள்ள கிறிஸ்தவ இறையியல் கல்லூரியிலோ கொழும்புத்துறை புனித சவேரியார் குருத்துவக் கல்லூரியிலோ நூலகத்தைப் பயன்படுத்த முடியுமா என்று உங்கள் போதகர் மூலம் கேட்டுப் பாருங்கள். கலாத்தியர் 3:20-ஐ நாலு புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பின்னேரம் போதும்.