டெமோவா, ஈ.பி.யா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் தம்பியும் அவன் நண்பர்களும் ஒரு மெட்டல் ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். மாடி அறையில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். மொத்தம் 19 நிமிடம். அட்டையில் ஈ.பி. என்று போட்டிருந்தார்கள். அவர்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், "வெளியிட ஒரு லேபிள் கம்பெனி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது, டிரம்ஸ் கம்ப்யூட்டரில் போட்டது. இது வெறும் டெமோ. ஈ.பி. என்று சொல்லிக்கொள்ள ஒரு தகுதி வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். தம்பிக்கு முகமே வாடிப்போய்விட்டது. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

விதி இருக்கிறது. ஒன்றல்ல, நாலைந்து. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அவ்வளவுதான். ஆனால் அந்த மூத்தவர் சொன்ன தகுதி எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இல்லை.

டெமோ என்பது யாருக்காவது போட்டுக்காட்டப் பதியும் மாதிரி. ஈ.பி. (எக்ஸ்டெண்டட் பிளே) என்பது அளவைப் பற்றிய பேச்சு: சிங்கிளைவிடப் பெரியது, ஆல்பத்தைவிடச் சின்னது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்ற பெரிய இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. நிறுவனம் 7 அங்குல, நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டோடு போட்டிக்கு இறங்கியது. அதில் பக்கத்துக்கு ஒரு பாட்டுதான், அதைத்தான் சிங்கிள் என்பார்கள். அதே தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடங்கும்படி 1950களின் தொடக்கத்தில் செய்தார்கள். அதுதான் ஈ.பி. நம் ஊரில் சினிமாப் பாட்டு ரெக்கார்டு வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னத் தட்டு, ஒரு படத்தின் நான்கு பாட்டு.

தட்டுகள் போனபின் அளவு மட்டும் மிஞ்சியது. அதை ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். பிரிட்டனின் இசை விற்பனைப் பட்டியலில் நான்கு பாட்டையோ 25 நிமிடத்தையோ தாண்டினால் ஆல்பம் பட்டியலுக்குப் போய்விடும். ஆப்பிள் மியூசிக்கில் நான்கு முதல் ஆறு பாட்டு, 30 நிமிடத்துக்குள் என்றால் ஈ.பி. கிராமி விருதுக்கோ ஐந்து பாட்டும் 15 நிமிடமும் இருந்தால் ஆல்பமாகிவிடும். மெட்டல் பேண்ட் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பம் (1986) பத்துப் பாட்டு இருந்தும் 30 நிமிடத்தை எட்டாது. கேசட்டில் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆல்பத்தை ஈ.பி. என்று மெட்டல் ரசிகர்கள் நடுவில் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று. பீட்டில்ஸின் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' 1967இல் பிரிட்டனில் ஆறு பாட்டோடு இரட்டை ஈ.பி.யாக வந்தது. அமெரிக்காவில் அந்த வருடத்து சிங்கிள்களையும் சேர்த்து எல்.பி.யாக விற்றார்கள்.

டெமோவுக்கு நிமிடக் கணக்கு உதவாது. அங்கே கேள்வி, யாருக்காகப் பதிந்தது என்பது. லேபிளுக்கா, கச்சேரி ஏற்பாடு செய்பவருக்கா, கூட வாசிப்பவர்களுக்கா? மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவின் 1982 டெமோவில் ஏழு பாட்டு. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலாகி, நியூ ஜெர்சியில் ரெக்கார்டு விற்றுக்கொண்டிருந்த ஜான் சசூலா காதுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் பையன்களைக் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைத்தார். வெளியிட வேறு ஆள் கிடைக்காததால் மெகாஃபோர்ஸ் என்று தானே ஒரு லேபிள் தொடங்கி, 1983இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒரு டெமோ செய்யவேண்டிய வேலை அதுதான்.

சரி, ஸ்டுடியோ இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்ட் 1988 ஜனவரியில் சியாட்டிலில் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோவிடம், முறையான ஸ்டுடியோவில், ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிந்தார்கள். செலவு 152 டாலர் சொச்சம். ஸ்டுடியோவில் பதிந்தும் அது டெமோதான். அதில் சில பாட்டுகளைப் பிறகு புது டிரம்மரோடு மறுபடி வாசித்துப் பார்த்தார்கள், திருப்தி வரவில்லை. அந்தப் பழைய பதிவுகளையே 1989இல் 'ப்ளீச்' ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் தனியாக உட்கார்ந்து பாடினார். தன் பேண்டுக்குப் போட்டுக்காட்டத்தான். பிறகு பேண்டோடு ஸ்டுடியோவில் வாசித்தபோது அந்தப் பாட்டுகளின் தனிமை போய்விட்டது. கடைசியில், உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைந்த அந்த கேசட்டைத்தான் தட்டில் ஏற்றினார்கள். அப்படி வந்ததுதான் 'நெப்ராஸ்கா'. வீட்டில் பதிந்தது, டெமோவாகப் பதிந்தது, கொலம்பியா வெளியிட்ட முழு ஆல்பம்.

'வெறும் டெமோ' என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சல். அதுவும் மெட்டல்காரர் வாயிலிருந்து! 80களில் அந்த இசை தபாலில் பரவியது. தெரியாத ஊரில் தெரியாத ஆளுக்கு கேசட் அனுப்பி, பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொள்வார்கள். கையால் வரைந்த அட்டை, ஜெராக்ஸ் போட்ட ரசிகர் இதழில் விமர்சனம். டெமோவோடு நின்றுபோன பேண்டுகளையும் இன்றைக்குத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

என் கட்சி எளிது. வெளியிட்ட நாளில் அட்டையில் என்ன போட்டார்களோ அதுவே நிற்கட்டும். நாளைக்குப் பெயர் வாங்கியபின், பழைய டெமோவை ஈ.பி. என்று வரலாற்றைத் திருத்துவதுதான் எனக்குப் பிடிக்காது. மெட்டாலிகா அந்த 1982 கேசட்டை 2015இல் மறுபடி வெளியிட்டபோதும் டெமோ என்றேதான் விற்றார்கள்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள். இந்த நான்கு பாட்டும் முடிந்துவிட்டனவா, அல்லது நல்ல டிரம்மர் கிடைத்ததும் மறுபடி பதிவதாக உத்தேசமா? முடிந்தது என்றால் ஈ.பி. அப்படியே இருக்கட்டும். மறுபடி பதியப்போவதாக இருந்தால், இப்போதுதானே வெளியிட்டார்கள், டெமோ என்று மாற்றலாம், அதில் வெட்கமில்லை. அப்புறம், டெமோ என்று முடிவெடுத்தால் அதைத் தலைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள் மியூசிக் கணக்கில் நான்கு பாட்டு, 19 நிமிடம் என்றால் பெயருக்குப் பின்னால் ஈ.பி. தானாக ஒட்டிக்கொள்ளும். மூத்தவர் அங்கே போய் தகுதி பற்றிப் பேசிக்கொள்ளட்டும்.