மகன் ஒப்பந்தக் கோழிப்பண்ணை வைக்கிறேன் என்கிறானா?

"மாசாமாசம் சம்பளம் மாதிரி வரும், விற்கிற தலைவலி கிடையாது" என்று உங்கள் மகன் சொல்வதில் பாதி சரிதான். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனி தரும். வளர்ந்த கோழியை அதுவே ஏற்றிக்கொண்டு போகும். கறி விலை சரிந்தாலும் வளர்ப்புக் கூலி ஒப்பந்தப்படி வரும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு அவன் பொறுப்பு. கடன் நிற்பதோ அந்தக் கொட்டகையின் பேரில். ஆகவே சம்பள வேலையோடு இதை ஒப்பிட வேண்டாம். ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொடங்கும் சொந்தத் தொழில் இது.

நீங்கள் பதறுவதற்கும் அவன் துடிப்பதற்கும் முன்னால், ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரிடம் இரண்டு பேட்ச் (ஒரு தடவை குஞ்சு இறக்கி வளர்த்து அனுப்புவது ஒரு பேட்ச்) கணக்குச் சீட்டு வாங்கிப் பாருங்கள். நல்லது ஒன்று, மோசமானது ஒன்று. 5,000 குஞ்சு இறக்கி, 5 சதவீதம் செத்து, மிச்சம் 4,750 கோழி சராசரி 2 கிலோவில் போனால் 9,500 கிலோ. தின்ற தீவனம் 15,200 கிலோ என்றால் எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனம், 1.6. அது 1.7 ஆனால் 950 கிலோ கூடுதல் தீவனம், அதாவது 50 கிலோ மூட்டையில் 19 மூட்டை. தீவனம் கம்பெனியுடையது என்பதால், கூலிக் கணக்கில் கை வைப்பது இந்த 19 மூட்டைதான்.

அவை ஒரே நாளில் காணாமல் போவதில்லை. தீவனத் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்குக் கீழே தொங்கினால் சிந்தும். முதல் சில நாள் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32, 33 டிகிரி சூடு இல்லாவிட்டால், தின்றதெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கவே செலவாகும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒழுகித் தரைக்கூளம் நனைந்தால் அமோனியா கண்ணை எரிக்கும். பின்னாலேயே சளி வரும். நடுராத்திரி எழுந்து குஞ்சு ஒதுங்குகிறதா, குவிகிறதா என்று பார்க்கும் பொறுமை அவனுக்கு உண்டா? பட்டப்படிப்பை விட அதுதான் இங்கே தகுதி.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி: வருடத்துக்குக் குறைந்தது எத்தனை பேட்ச்? 40 நாள் வளர்ப்பு, 20 நாள் சுத்தம் செய்து காலியாக விடுவது என்றால் 6 பேட்ச் வரும். ஆனால் விலை சரிந்தால் கம்பெனி குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடும், ஆறு நாலாகிவிடும். வங்கித் தவணை அப்படிக் குறையாது. 4 பேட்ச் வருமானத்தில் தவணை கட்ட முடியுமா என்று போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் கொட்டகையைச் சின்னதாக்குங்கள்.

அடுத்து, முதல் வாரத்தில் சாகும் குஞ்சு யார் கணக்கில் சேரும்? எடை யார் முன்னால் போடுகிறார்கள்? வண்டி நாலு நாள் தாமதமானால் அந்தத் தீவனம் யார் தலையில்? வயது ஏற ஏற கோழி அதிகம் தின்று குறைவாகத்தான் எடை கூடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கம்பெனி சூப்பர்வைசர் வாயால் சொன்னது எழுத்தில் இல்லையென்றால் இல்லாததுதான்.

இன்னொன்று, இது உங்களுக்கு. நிலமும் ஒப்பந்தமும் உங்கள் பேரில், உழைப்பு மட்டும் அவனுடையது என்றால் இரண்டே வருடத்தில் அவன் வெறுத்துப்போவான். கடன் முடியும் காலம் வரைக்கும் இடத்தை அவனுக்குக் குத்தகை எழுதிக் கொடுங்கள். கூலி அவன் கணக்கில் ஏறட்டும். அதற்கும் முன்னால், வேறொருவர் பண்ணையில் இரண்டு பேட்ச் வேலை செய்யச் சொல்லுங்கள். அதில் ஒன்று கோடையில் இருக்கட்டும்.