தறியை நிறுத்தியது தவறா?

அன்புள்ள ஐயா,

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் எங்களுக்குப் பதினாறு விசைத்தறிகள். ஜவுளி உற்பத்தியாளர்கள் தரும் நூலை அப்பா கூலிக்குத்தான் நெய்து கொடுக்கிறார். 2021 நவம்பரில் அவர்களோடு சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள், அப்பாவும்தான். பொருளாதாரம் படித்த எனக்கு அது இன்றும் புரியவில்லை. ஒன்றும் இல்லாததற்குப் பழைய கூலியாவது மேல் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இந்தக் கணக்கை 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு தொகையைப் பங்கு பிரிக்க வேண்டும். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்குமே கிடையாது. உங்கள் கணக்குப்படி ஒரு ரூபாய் நீட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பிறகு பல நாடுகளில் நடந்த சோதனைகளிலும், ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் ஏராளமானோர் வேண்டாம் என்றார்கள். பிரிப்பவர்களும் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது சதவீதம் கொடுத்தார்கள். மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டு நடத்தியபோது அந்தப் பங்கு சரிந்தது. முழுவதும் மறையவில்லை, நியாய உணர்வு கொஞ்சம் எஞ்சியது. மீதியெல்லாம் 'இவன் எழுந்து போய்விடுவான்' என்ற நம்பிக்கை கொடுக்க வைத்த பங்கு. உங்கள் அப்பா இழந்த கூலி அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. அது அடுத்த பேச்சுவார்த்தையிலும் அவருக்கு உதவும்.

தறிக்காரர்களுக்குள்ளும் ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் கருமத்தம்பட்டியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அவரும் தறிக்காரர். ஓடாத தறிகளுக்கும் எண்ணெய் போட்டுவிட்டு, இரவு வெகுநேரம் திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரே அடங்கிக் கிடக்கும்போது ஒரே ஒரு தறி ஓடினாலும் நான்கு தெருவுக்குக் கேட்கும். யாராவது பழைய கூலிக்கே நெய்யப் பாவு நூல் வாங்கிவிட்டார்களா என்ற பயம். ஒன்றும் கேட்காத பிறகுதான் படுக்கப் போவார்.

ஆனால் அந்தச் சோதனையில் இரண்டே பேர். உங்கள் தறிக் குடோனில் மூன்றாவது ஆளும் உண்டு. பதினாறு தறிகளையும் அப்பா ஒருவரே ஓட்டியிருக்க முடியாது. ஷிப்டுக்கு வந்தவர்களிடம் நிறுத்தலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; வாரக் கூலி மட்டும் நின்றுபோயிருக்கும். தறிகளை நிறுத்தியதில் நான் உங்கள் அப்பா பக்கம். அதனால்தான் இதையும் கேட்கிறேன்: கூலி உயர்ந்தபோது அவர்களுக்கு அதில் எத்தனை சதவீதம் போனது? அப்பாவிடம் விசாரித்து எனக்கும் எழுதுங்கள்.