பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா? கேள்வி பதில்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பல ஆண்டு பொருளாளராக இருந்தேன். சாப்பாட்டு நிதி என் கையில்தான் இருந்தது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் தங்கை: அக்கா, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசாங்கம்தான் ஆர்.எம்.டி. (கூடுதல் உணவுத் திட்டம்) மூலம் இலவசச் சாப்பாடு கொடுக்கிறதே, நாம் வேறு கொடுக்கணுமா?

ஆர்.எம்.டி. 1979இலிருந்து நடக்கும் நல்ல திட்டம். ஆனால் அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அந்தத் தட்டு இல்லை. வீட்டு வருமானம் மாறியிருக்காது, பசிதான் கூடியிருக்கும். அப்புறம், ஆர்.எம்.டி.க்கு விண்ணப்பப் பாரம் நிரப்பாத வீடுகள், ஆண்டு நடுவில் அப்பாவுக்கு வேலை போன வீடுகள். நம் காசு போக வேண்டியது இங்கேதான்.

செந்தூல் தம்பி: கோலாலம்பூர் மாதிரி ஊரிலும் பிள்ளைகள் பட்டினியா?

யுனிசெஃப் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டது. அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 22 விழுக்காடு வயதுக்கேற்ற உயரமில்லை. இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற பிள்ளைகள்தான், தம்பி.

ஈப்போ ரோடு வாசகர்: என் மகள் பிறந்தநாளுக்குப் பள்ளி முழுக்க பிரியாணி போடலாமா?

சந்தோஷமாகப் போடுங்கள். ஆனால் மறுநாளும் ஓய்வு மணி அடிக்கும். அதே காசில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்கச் சாப்பாடு போடலாம் என்றால், நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். கேன்டீனில் ஒரு சாப்பாடு நாலு ரிங்கிட் என்று பேசி வைத்தால், மாதம் 20 பள்ளி நாளுக்கு ஒரு பிள்ளைக்கு 80 ரிங்கிட். சின்னத் தொகையானாலும் மாதா மாதம் வரட்டும்.

பிறை வாசகி: பிள்ளைகள் கூச்சப்படுவார்களே அக்கா?

கட்டாயம் படுவார்கள். நாங்கள் முதலில் மஞ்சள் அட்டை கொடுத்தோம், பெரிய தப்பு. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் திடலைச் சுற்றிச் சுற்றி நடப்பான். பசி எடுக்காத பிள்ளை என்றுதான் நினைத்தோம். கேன்டீன் அக்காதான் கண்டுபிடித்தார். அட்டையை அன்றோடு நிறுத்தினோம். அவரே ஒரு சின்ன 555 கணக்கு நோட்டில் பெயரைக் குறித்துக்கொள்வார், பிள்ளை மற்றவர்களோடு வரிசையில் நின்று நாசி லெமாக்கோ மீஹூனோ வாங்கிப் போகும். மாதக் கடைசியில் நாங்கள் கணக்கு முடிப்போம். யாருக்கும் தெரியாது. நீங்கள் கொடுக்கிற பள்ளியிலும் முதலில் இதைக் கேளுங்கள். தட்டோடு பிள்ளையை நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஜார்ஜ்டவுன் வாசகர்: வரிக் கழிவு கிடைக்குமா?

வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழியும். ரசீதில் அந்த அங்கீகாரம் அச்சாகியிருக்கணும். கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

செந்தூல் தம்பி மறுபடி: யாரிடம் போய்ப் பேசுவது?

தலைமையாசிரியரிடம், நேரில். ஆர்.எம்.டி. பட்டியலில் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். பக்கத்து இடைநிலைப்பள்ளிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், தம்பி. அங்கே புகுமுக வகுப்பில், அதாவது தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் முதல் படிவத்துக்கு முன் படிக்கும் வகுப்பில், நம் பிள்ளைகள் இருப்பார்கள்.