வெனிலா சென்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கடையில் அட்டையில் முகர்ந்தபோது நல்ல வெனிலா மணம். வீட்டில் கையில் அடித்தால் வெறும் ஸ்பிரிட்டும் எலுமிச்சையும்தான். வெனிலா எங்கே போனது?

ப: போகவில்லை, இன்னும் வரவில்லை. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் மெதுவாக ஆவியாகும் பொருள். ஸ்பிரிட் ஓரிரு நிமிடத்தில் பறந்துவிடும். பெர்கமோட் (எலுமிச்சை இனப் பழம்), ஆரஞ்சு வகையறா 15, 20 நிமிடம் ஆட்டம் போட்டு அடங்கும். வெனிலா முழுசாகத் தலைகாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கடையில் நீட்டிய அட்டை எப்போதோ அடித்து வைத்ததாக இருந்திருக்கும்.

வாங்குமுன் முழங்கையின் உள்பக்கம் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 10 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம் கழித்து என மூன்று முறை முகருங்கள். 4 மணி நேரத்துக்குப் பிறகு வரும் வாசனைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள். மூலக்கூறு உடையும் என்பதெல்லாம் கதை. சூடேறி, முதலில் எழும் மேல் வாசனை சீக்கிரம் ஓடும், அவ்வளவுதான்.

கே: தோழிக்கு இதமாக இருக்கும் அதே பாட்டில் எனக்குத் திகட்டி, தலைவலிக்கிறது. தோல் காரணமா?

ப: ஓரளவுக்கு. சூடான தோலில் ஆவியாவது வேகம், அதனால் முதல் மணி நேரம் பலமாக வீசும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் மணத்தை அதிக நேரம் பிடித்துவைக்கும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அளவுதான். பல வெனிலா சென்ட்களில் எத்தில் வெனிலின் என்ற செயற்கை மணப்பொருள் இருக்கிறது. அது வெனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு வீரியம். வெயில் நாளில் ஒரு ஸ்ப்ரே போதும், குளிரில் இரண்டு. கழுத்திலும் மார்பிலும் அடித்தால் நாள் முழுக்க மூக்குக்கு நேரே வீசும்; முழங்காலின் பின்புறம் அடித்துப் பாருங்கள்.

அப்படியும் திகட்டினால் சென்டை மாற்றுங்கள். கேரமல், பிரலைன் (சர்க்கரைப் பாகில் புரட்டிய கொட்டை) மணம் சேர்ந்தவை இனிப்பின் மேல் இனிப்பு. லாவெண்டர், வெட்டிவேர், புகைமணம் கலந்தவை இனிப்பை அறுக்கும். 1889-இல் வந்த, பிரெஞ்சு சென்ட் நிறுவனமான கெர்லானின் ‘ஜிக்கி’ லாவெண்டரோடு வெனிலினைச் சேர்த்தது. 1925-இன் ‘ஷாலிமார்’ பெர்கமோட்டோடு எத்தில் வெனிலினை. வெனிலாவைத் தனியே விடக்கூடாது என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

கே: இரண்டு மணி நேரத்தில் எனக்கு வாசனையே தெரிவதில்லை. மறுபடி அடிக்கலாமா?

ப: பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள். ஒரே வாசனைக்கு மூக்கு பழகி மரத்துவிடும். அவருக்கும் தெரியவில்லை என்றால் தோல் வறண்டிருக்கலாம். குளித்த ஈரத்தோடு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, 5 நிமிடம் விட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து அடியுங்கள்.

கே: வெளிர்மஞ்சளாக இருந்த சென்ட் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. கெட்டுவிட்டதா?

ப: நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். மல்லிகை, ஆரஞ்சுப்பூ மணங்களில் உள்ள இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற வேதிப்பொருள்களோடு சேர்ந்தும் நிறம் மாறும். மேல் வாசனை புளித்தோ வார்னிஷ் போலவோ அடித்தால்தான் கெட்டது. பாட்டிலை அட்டைப் பெட்டியிலேயே, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், குளியலறை வேண்டாம். இதே பழுப்புதான் வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் கறையாக நிற்கும். துணியில் அடித்தே ஆக வேண்டுமென்றால் அடர்நிறத் துணியின் உள்பக்கம்.

கே: கேக்குக்குப் போடும் வெனிலா எசென்ஸைத் தடவிக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். மணம் கொஞ்சம், பிசுபிசுப்பு நிறைய. சிலவற்றில் நிறமும் சேர்த்திருப்பார்கள், காலரில் ஒட்டும்.